பித்தப்பைக் கல் இப்போது எங்கே நிற்கிறது? ஸ்கேன் திரையைப் படிக்க ஓர் அறிமுகம்

கோழி ஈரல் கழுவியவர்களுக்குப் பித்தப்பையைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டு கரும்பச்சையாக ஒரு சின்னப் பை இருக்கும். கறிக்கடைக்காரர் அது கிழிந்துவிடாமல் பதமாகக் கிள்ளி எறிவார். தப்பித் தவறி உடைந்துவிட்டால், எத்தனை தண்ணீரில் அலசினாலும் அந்த ஈரலின் கசப்புப் போகாது. நமக்கும் அதே இடத்தில், அதே வேலைக்காக ஒரு பை இருக்கிறது. வலது விலா எலும்புகளின் கீழ் விளிம்பையொட்டி, கல்லீரலின் அடிப்பக்கத்துக் குழிவில் பதுங்கியிருக்கிறது. நீளம் 7 முதல் 10 சென்டிமீட்டர். அடி பருத்து, காம்புப் பக்கம் ஒடுங்கிய கத்தரிக்காய் வடிவம். 30 முதல் 50 மில்லி பித்தநீர் பிடிக்கும்; அரை டம்ளர்கூட இல்லை.

பித்தப்பை என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் உடம்புக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் உண்டு. கெண்டை இன மீன்களின் பித்தத்தில் இருக்கும் நஞ்சு சிறுநீரகத்தையே முடக்கிவிடும். நம் நாட்டிலேயே ரோகு மீனின் பித்தப்பையை விழுங்கி டயாலிசிஸ் வரை போனவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

நான் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர். "பித்தப்பையில கல் இருக்கும்மா" என்று சொன்னவுடன் என் அறையில் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். "எத்தனை எம்.எம். டாக்டர்?" என்பது ஒன்று. "கரைஞ்சிடுமா?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவற்றைவிடப் பெரிய கேள்வியை யாரும் கேட்பதில்லை: "அது இப்போ எங்கே இருக்கு?" ஒரே கல், பையின் அடியில் கிடந்தால் வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போய்விடலாம். பையின் கழுத்தில் சிக்கிக்கொண்டால் ராத்திரியோடு ராத்திரியாக அட்மிஷன். அதையும் தாண்டிக் குழாய்க்குள் இறங்கிவிட்டால் மஞ்சள் காமாலை. இடம் மாற மாற நோயே மாறுகிறது. அதனால் அந்தக் கல் போகக்கூடிய வழியிலேயே நாமும் போய்ப் பார்க்கலாம்.

பித்தம் ஓடும் வழி

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. கல்லீரலின் மூலை முடுக்கெல்லாம் நூலிழை போன்ற நாளங்கள் இருக்கின்றன. வயலின் சின்ன வடிகால்கள் கூடிக்கூடிப் பெரிய வாய்க்காலாவதுபோல அவை சேர்ந்து வலது, இடது என இரண்டு குழாய்களாகின்றன. கல்லீரலின் வாசலில் அந்த இரண்டும் ஒன்றாகின்றன. அந்த ஒற்றைக் குழாய் கீழே இறங்கும்போது பக்கவாட்டில் ஒரு சிறு குழாய் வந்து சேர்கிறது. அதன் மறுமுனையில் தொங்குவதுதான் பித்தப்பை. இந்தச் சந்திப்புக்குக் கீழே உள்ள பகுதிக்குப் பொதுப் பித்தநாளம் என்று பெயர். உங்கள் ரிப்போர்ட்டில் சி.பி.டி. என்று மூன்றெழுத்தில் இருப்பது இதுதான். அது கணையத்தின் தலைப்பகுதிக்குள் புகுந்து, பெரும்பாலும் கணையக் குழாயோடு சேர்ந்து, சிறுகுடலின் தொடக்கத்தில் திறக்கிறது.

திறக்கும் இடத்தில் ஒரு தசை வளையம் காவல் நிற்கிறது. 1887-ல் இத்தாலியில் மருத்துவ மாணவராக இருந்த ருஜ்ஜெரோ ஓடி அதை விவரித்தார். இன்றைக்கும் அந்த வளையம் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் வளையம் மூடியிருக்கும். கீழே போக முடியாத பித்தநீர் மேலேறிப் பைக்குள் சேரும். பை அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிட்டு, 5 முதல் 10 மடங்கு வரை கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும். நெய்யோ எண்ணெயோ கறியோ குடலுக்குள் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கும். பை சுருங்கும், வளையம் திறக்கும், பித்தநீர் குடலுக்குள் பாயும்.

ஸ்கேனுக்கு ஏன் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறோம் என்பதற்கான பதில் இங்கேயே இருக்கிறது. 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் பை நிரம்பி விரிந்திருக்கும். உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும். "வேற எதுவும் சாப்பிடல டாக்டர், ஒரே ஒரு டீதான்" என்பார்கள். அந்த டீயில் பால் இருக்கிறது, பாலில் கொழுப்பு இருக்கிறது. பைக்கு அதுவே போதும், சுருங்கிவிடும். சுருங்கிய பையின் சுவர் தடிமனாகத் தெரியும், சின்னக் கற்கள் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். மறுநாள் வரச் சொன்னால் கோபப்படாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் மட்டும் இதில் கவனமாக இருக்க வேண்டும். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரை, இன்சுலினை என்ன செய்வதென்று உங்கள் மருத்துவரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

ஒலியால் ஒரு படம்

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிறது. எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு ஆழம். அல்ட்ராசவுண்ட் செய்வதும் இதைத்தான். நம் காதுக்குக் கேட்காத ஒலியை, வயிற்று ஸ்கேனில் பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை, ப்ரோப் (நாங்கள் வயிற்றின்மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவி) உள்ளே அனுப்புகிறது. உடம்புக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போகிறது. 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் பித்தப்பையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர, ஒரு நொடியை லட்சம் கூறாக்கினால் அதில் ஆறேழு கூறு போதும். இப்படித் திரும்பி வரும் ஆயிரக்கணக்கான எதிரொலிகளைப் புள்ளி புள்ளியாக அடுக்கித்தான் திரையில் படம் வருகிறது. கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிக்கும் பச்சிளங்குழந்தைக்கும் தயங்காமல் செய்யலாம். தோலுக்கும் ப்ரோபுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதற்காகத்தான் அந்தக் குளிர்ந்த ஜெல்.

படத்தைப் படிக்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும். தெளிந்த திரவத்துக்குள் எதிரொலிக்க எதுவும் இல்லை, அதனால் அது கறுப்பாகத் தெரியும். பித்தநீர் நிறைந்த பை, சாம்பல் நிறக் கல்லீரலுக்குக் கீழே மை கொட்டியதுபோல் இருக்கும். திரவத்தைத் தாண்டும் ஒலி வலுக்குறையாமல் போவதால் பைக்குப் பின்னால் உள்ள பகுதி அக்கம்பக்கத்தைவிட வெளுப்பாகத் தெரியும். கடைசியாக, கல் மாதிரிக் கடினமான பொருள் ஒலியை அப்படியே தடுத்துத் திருப்பிவிடும். கல்லின் மேல்விளிம்பு பளிச்சென்று மின்னும், அதன் பின்னால் நிழல் விழும். நட்டநடு வயலில் நிற்கும் ஒற்றைப் பனைமரத்தின் நிழலைப்போல நேராக, கறுப்பாக, விளிம்பு சுத்தமாக.

பைக்குள் கிடக்கும் கல்

பளிச்சென்ற வெள்ளை, பின்னால் நிழல். இந்த இரண்டோடு நான் நிறுத்துவதில்லை. "அப்படியே இடது பக்கம் திரும்பிப் படுங்கம்மா" என்பேன். அவர் திரும்பும்போதே ப்ரோபை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பேன். கூழாங்கல் உருளுவதுபோல அந்த வெள்ளைப் புள்ளி பையின் சுவரோரமாகச் சரிந்து இறங்கும். நிழலும் கூடவே நகரும். அந்த ஒரு நொடியில் சந்தேகம் தீர்ந்துவிடும். மின்னுகிறது, நிழல் விழுகிறது, நகர்கிறது: கல்தான். பித்தப்பைக் கல்லைக் கண்டுபிடிப்பதில் நல்ல கையில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் நூற்றுக்கு 95-க்கும் மேல் சரியாகச் சொல்லும். "சி.டி. எடுத்தா இன்னும் க்ளியரா தெரியுமா?" என்று கேட்கிறார்கள். பித்தப்பைக் கற்கள் பல சி.டி.-யில் தெரியவே தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் விலை குறைந்த சோதனைதான் சிறந்த சோதனை.

நிழல் விழாமல் மெதுவாக வழிந்து படியும் சாம்பல் நிறக் கசடு சில பைகளில் தெரியும். ரிப்போர்ட்டில் ஸ்லட்ஜ் என்று எழுதுவோம். பல நாள் வாய்வழி உணவு இல்லாதவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் பார்க்கலாம், பெரும்பாலும் தானாகவே மறையும். சுவரில் ஒட்டிக்கொண்டு, நிழலும் இல்லாமல், திரும்பிப் படுத்தாலும் நகராமல் இருப்பது பாலிப். பெரும்பாலானவை கொழுப்புப் படிவங்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை. 10 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் பையை எடுத்துவிடும்படி சொல்வோம். அதற்குக் குறைவானவற்றில் சிலவற்றை இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். சுவரின் ஒரு பக்கம் மட்டும் கரடுமுரடாகத் தடித்திருந்தாலோ, பையின் இடத்தில் பையே தெரியாமல் ஒரு கட்டி நிரம்பியிருந்தாலோ புற்றுநோய் நினைவுக்கு வந்தாக வேண்டும். கங்கைச் சமவெளி மாநிலங்களில் பித்தப்பைப் புற்றுநோய் அதிகம். தெற்கே நமக்கு அவ்வளவு இல்லை என்றாலும் பார்க்காமல் விட முடியாது.

இன்னொரு காட்சி புதிதாக ஸ்கேன் கற்பவர்களை ஏமாற்றிவிடும். பை முழுக்கக் கல்லால் நிரம்பி, சுருங்கிப்போய், பித்தநீருக்கே இடமில்லாமல் இருக்கும். கறுப்புப் பையைத் தேடினால் கிடைக்காது. "பித்தப்பை தெரியவில்லை" என்றோ, "குடல் வாயு" என்றோ எழுதிவிடத் தோன்றும். நிதானித்துப் பார்த்தால் வில் போல வளைந்த இரண்டு கோடுகள் அடுத்தடுத்துத் தெரியும். முதலாவது பையின் சுவர், இரண்டாவது கல்லின் முகம், அதற்குப் பின்னால் அகன்ற ஒரே நிழல். வாயுவின் நிழல் புகை கலந்ததுபோல் அழுக்காக இருக்கும், கல்லின் நிழல் துடைத்ததுபோல் கறுப்பாக இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குப் பழக்க ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது அந்தக் "கரைஞ்சிடுமா?" கேள்விக்கு வருவோம். வாழைத்தண்டுச் சாறு குடித்தேன், பீன்ஸ் தண்ணீர் குடித்தேன் என்று மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவர்கள் இதைச் சிறுநீரகக் கல்லோடு குழப்பிக்கொள்கிறார்கள். சிறுநீரகக் கல் உருவாவது சிறுநீரில், நிறையத் தண்ணீர் குடித்தால் சிறியது சிறுநீரோடு வெளியே வந்துவிடலாம். பித்தப்பைக்குள் நாம் குடிக்கும் எந்தச் சாறும் நேராகப் போவதில்லை. இது வெளியே வருவதற்கான ஒரே வழி பித்தக் குழாய்தான். அந்த வழியில் கல் கிளம்புவது நல்ல செய்தி அல்ல. கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு, உர்சோடியாக்சிகோலிக் அமிலம். சிறிய, சுண்ணாம்பு படியாத கொலஸ்ட்ரால் கற்களுக்கு மட்டும், அதுவும் பல மாதம் விடாமல் சாப்பிட்டால் வேலை செய்யலாம். நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும். தென்னிந்தியாவில் நாம் அதிகம் பார்ப்பதோ கறுப்பும் பழுப்புமான நிறமிக் கற்கள். ரத்தச் சிவப்பணுக்கள் உடைவதில் வரும் பிலிருபின் படிந்து உண்டாகிறவை. அவை இந்த மாத்திரைக்குக் கரையாது. சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே இந்தக் கற்கள் வந்துவிடும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் சோகை அப்படிப்பட்ட ஒன்று. பத்து வயசுப் பிள்ளைக்குப் பித்தப்பைக் கல் இருந்தால் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும்.

அப்படியானால் கல் இருக்கும் எல்லோருக்கும் ஆபரேஷனா? இல்லை. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்து, தற்செயலாகத் தெரிய வந்த, இதுவரை வலியே தராத கல் என்றால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். அப்படிப்பட்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் தொந்தரவு ஆரம்பிக்கிறது. பெரிய கல், பாலிப்போடு சேர்ந்த கல், சுவரில் சுண்ணாம்பு படிந்த பை போன்ற சிலவற்றுக்கு மட்டும் வேறு கணக்கு. அதை அறுவை மருத்துவர் பார்த்துச் சொல்வார்.

கழுத்தில் சிக்கிய கல்

கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து படுக்கிறார். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மேல்வயிற்றில், வலது பக்கமாக, ஒரே பிடியாக வலி. சிலருக்கு முதுகில் வலது தோள்பட்டை வரை போகும். வாந்தி வரும். வீட்டில் "கேஸ்தான், ஒரு சோடா குடி" என்பார்கள். உள்ளே நடந்தது என்னவென்றால், கொழுப்பு வந்ததும் பை சுருங்கியது, உள்ளே இருந்த கல் கழுத்துப் பக்கம் தள்ளப்பட்டு வாயை அடைத்துக்கொண்டது. கல் பின்வாங்கிவிட்டால் அரை மணியிலோ சில மணி நேரத்திலோ வலி அடங்கும். விட்டு விட்டு இப்படி வருகிறவர்கள், வலி நின்றுவிட்டது என்று ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. மேல்வயிற்று வலியை எல்லாம் கேஸ் என்று ஒதுக்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: மாரடைப்பும் சில நேரம் இப்படித்தான் வரும். நடுவயது தாண்டியவர் என்றால் முதலில் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

கல் பின்வாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டால் பை வீங்கி அழற்சி ஏறுகிறது. ரிப்போர்ட்டில் அக்யூட் கோலிசிஸ்டைட்டிஸ் என்று இருக்கும். இந்த நோயாளி அறைக்குள் நடந்து வரும்போதே தெரியும். வலது கை விலாவைப் பொத்திக்கொண்டிருக்கும், நிமிர்ந்து நடக்க மாட்டார். திரையில் பை உருண்டு திரண்டு, குறுக்களவு 4 சென்டிமீட்டரைத் தாண்டி நிற்கும். கழுத்தில் ஒரு கல், திரும்பிப் படுக்கச் சொன்னாலும் அசையாது. சுவர் தடித்திருக்கும். சில நேரம் பையைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடாக நீர் கோத்திருக்கும். இவ்வளவும் பார்த்த பிறகு, பை இருக்கும் இடத்துக்கு நேர்மேலே ப்ரோபை வைத்து மெல்ல அழுத்தி, "மூச்சை நல்லா இழுங்க" என்பேன். பாதி மூச்சில் அவர் சட்டென்று நிறுத்திவிடுவார். சிலர் என் கையையே பிடித்துக்கொள்வார்கள். கையால் தொட்டு அறியும் இந்த அடையாளத்தை 1900-களின் தொடக்கத்தில் விவரித்தவர் சிகாகோவின் அறுவை மருத்துவர் ஜான் பெஞ்சமின் மர்ஃபி. நாங்கள் அதையே திரையில் பையைப் பார்த்துக்கொண்டே செய்கிறோம். வலிக்கும் இடம் பைதான், பக்கத்தில் இருக்கும் வேறெதுவும் இல்லை என்று அப்போது உறுதியாகிவிடும். வலி ஊசி போட்டு வந்தவருக்கு இது தெரியாமல் போகலாம். வயதானவர்களுக்கும் நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் பை அழுகும் நிலையில்கூட வலி குறைவாக இருக்கலாம். அதனால் ஊசி போட்டிருந்தால் ஸ்கேன் அறையில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சுவரின் தடிமன் பற்றி ஒரு வார்த்தை. வெறும் வயிற்றில் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கல்லீரலை ஒட்டிய முன்பக்கச் சுவரில்தான் அளப்போம். "சுவர் தடித்திருக்கிறது" என்ற ஒற்றை வரியைப் பார்த்துவிட்டு, பித்தப்பை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருகிறவர்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கல் இருக்காது. ஆனால் சுவர் வெங்காயச் செதில் போல அடுக்கடுக்காக நீர் கோத்துத் தடித்திருக்கும். வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் கொஞ்சம் நீர் தெரியும். டெங்கு. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் பித்தப்பைச் சுவர் ஊறிப்போகிறது. பித்தப்பைக்கு இதில் எந்த வைத்தியமும் வேண்டாம். காய்ச்சல் தேறும்போது சுவர் தானாக மெலியும். கல்லீரல் அழற்சி, கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு, ரத்தத்தில் ஆல்புமின் குறைவது எல்லாமே சுவரைத் தடிக்க வைக்கும். கல், வலி, விரிந்த பை, தடித்த சுவர் எல்லாம் ஒன்றாகச் சேரும்போதுதான் அது பித்தப்பை அழற்சி.

குழாய்க்குள் இறங்கிய கல்

பொதுப் பித்தநாளம் மிக மெல்லியது. உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை அளந்தால் 6 மில்லிமீட்டருக்குள், அதாவது ஒரு பருத்த மிளகின் அளவு. வயதாக ஆகக் கொஞ்சம் அகலும். பித்தப்பையை எடுத்தவர்களுக்கு 10 மில்லிமீட்டர் வரைகூட இருக்கலாம், அதுவே நோய் அல்ல. இதனால்தான் "ஆபரேஷன் ஆகியிருக்கா?" என்று முதலிலேயே கேட்கிறோம்.

இவ்வளவு மெல்லிய குழாயைக் கல்லீரல் வாசலில் எப்படிக் கண்டுபிடிப்பது? குறுக்காகப் பார்த்தால் அங்கே மூன்று வட்டங்கள் தெரியும்: ஒன்று பெரியது, அதன் தலைமேல் இரண்டு சிறியவை. மிக்கி மவுஸ் முகம் என்றே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். முகம், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை. நோயாளியின் வலப்பக்கக் காது பித்தநாளம், இடப்பக்கக் காது கல்லீரல் தமனி. சந்தேகம் வந்தால் கலர் டாப்ளரைப் போடுவோம். ரத்தம் ஓடும் குழாயில் நிறம் ஏறும், பித்தநாளத்தில் ஏறாது.

கல் இங்கே மாட்டிக்கொண்டால் பித்தநீருக்குப் போக இடமில்லை. மஞ்சள் நிறமி ரத்தத்தில் ஏறுகிறது. கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டன்டீ நிறமாகும், நிறமி குடலுக்குப் போகாததால் மலம் வெளிறும், உடம்பெல்லாம் அரிக்கும். இந்தக் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்து நாள் கடத்துவது ஆபத்து. வைரஸால் வந்த காமாலைகளில் பல தாமாகவே ஆறிவிடுவதால் கீழாநெல்லிக்குப் பேர் வந்தது. அடைப்பால் வந்த காமாலை அடைப்பை எடுக்காமல் தீராது. இரண்டையும் முதலில் பிரித்துச் சொல்வது ஸ்கேன்தான்: குழாய் விரிந்திருக்கிறதா, இல்லையா. கல்லீரலுக்குள் போர்ட்டல் சிரைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கறுப்புக் கோடு இணையாக ஓடினால் உள்நாளங்கள் விரிந்திருக்கின்றன என்று பொருள்.

அடுத்து, அடைப்பு எங்கே? வாய்க்காலில் மண் சரிந்தால் அதற்கு மேலேதான் தண்ணீர் தேங்கும், கீழே வறண்டிருக்கும். அதே கணக்குதான் இங்கும். கல்லீரலுக்குள் நாளங்கள் விரிந்திருக்கின்றன, ஆனால் பித்தப்பை வற்றிப்போய் இருக்கிறது என்றால், அடைப்பு பையின் குழாய் வந்து சேரும் சந்திப்புக்கு மேலே. பையும் விரிந்து, சி.பி.டி.யும் விரிந்திருந்தால் அடைப்பு கீழே, கணையத் தலையின் பக்கம். கூடவே கணையக் குழாயும் விரிந்திருந்தால் கண்ணை இன்னும் கூர்மையாக்க வேண்டும். 1890-ல் சுவிட்சர்லாந்தின் லூட்விக் கூர்வாசியே கவனித்துச் சொன்னது இன்றும் பயன்படுகிறது: வலியில்லாத காமாலையோடு பித்தப்பை புடைத்துக் கையில் தட்டுப்பட்டால் காரணம் கல்லாக இருப்பது அரிது. நாட்பட்ட கல் பையின் சுவரை இறுக்கிச் சுருக்கிவிடும், அது அப்படிப் புடைக்காது. அங்கே கட்டியைத் தேட வேண்டும்.

காமாலையோடு குளிர்க்காய்ச்சலும் வலியும் சேர்ந்துவிட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்து 1877-ல் சொன்னவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்த்தென் ஷார்கோ. தேங்கிய பித்தத்தில் கிருமி ஏறி, அங்கிருந்து ரத்தத்துக்குப் போய்விடும். அதே கல் கடைசி வாயில் மாட்டினால் கணையமும் சேர்ந்து வீங்கிவிடும்.

அல்ட்ராசவுண்டின் குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பைக்குள் இருக்கும் கல்லை அவ்வளவு துல்லியமாகக் காட்டும் அதே கருவி, குழாயின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கல்லைப் பல நேரம் தவறவிடும். சிறுகுடலின் வாயு குறுக்கே நிற்பதுதான் காரணம். தண்ணீர் குடிக்க வைத்து, உட்காரவைத்து, ப்ரோபால் மெல்ல அழுத்தி வாயுவை விலக்கிப் பார்ப்போம். அப்படியும் தெரியாமல் போகும். "சி.பி.டி. விரிந்திருக்கிறது, கீழ்முனை வாயுவால் மறைந்துள்ளது" என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அது அரைகுறை வேலை என்று நினைக்காதீர்கள். தெரிந்தவரை சொல்லி, அடுத்த சோதனைக்கு வழிகாட்டும் வரி அது. அடுத்தது பெரும்பாலும் எம்.ஆர்.சி.பி. என்ற ஒரு வகை எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அதில் ஊசிகூட இல்லாமல் பித்தக் குழாய்களை மட்டும் வெள்ளை மரம்போலப் படம் எடுக்கலாம். கல் உறுதியானால் ஈ.ஆர்.சி.பி. வாய்வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கி, ஓடியின் வளையத்தைச் சிறிது கீறி, கல்லை வெளியே இழுத்துவிடுவார்கள். பிறகு பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுப்பார்கள். பை இல்லாமல் எப்படி ஜீரணமாகும் என்ற பயம் வேண்டாம். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல், பை சேமிக்கும் இடம் மட்டுமே. 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்ததிலிருந்து மனிதர்கள் அது இல்லாமல் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பை தெரியாத குழந்தை

கல்லே இல்லாமல் வரும் ஓர் அடைப்பைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பிறந்து சில நாட்களில் குழந்தைகளுக்கு வரும் மஞ்சள் பெரும்பாலும் தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால் ரத்தத்தில் பிலிருபின் எந்த வகை என்று பார்த்தாக வேண்டும். கூடவே மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் போனால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. "வெயில்ல காட்டினா சரியாகிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பித்த நாளங்கள் அடைபட்டு அழிந்துபோகும் பிலியரி அட்ரீசியா என்ற நோயாக அது இருக்கலாம். ஜப்பானின் மோரியோ கசாய் 1950-களில் உருவாக்கிய அறுவை சிகிச்சை இதற்கு இருக்கிறது. சிறுகுடலை மேலே கொண்டுபோய்க் கல்லீரல் வாசலோடு நேராக இணைப்பார்கள். 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல். நாள் போகப் போகக் கல்லீரல் இறுகிவிடும்.

அந்தக் குழந்தையை ஸ்கேனுக்குக் கொண்டுவரும்போது நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் வரச் சொல்வோம். பசியில் அழுது துவண்டிருக்கும். ஜெல்லை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு, சின்ன ப்ரோபால் கல்லீரலின் அடியில் தேடுவேன். பை இருக்கிறதா, இருந்தால் சுவர் ஒழுங்காக இருக்கிறதா, வாசலில் நாளம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தழும்பு போல வெள்ளை முக்கோணம் தெரிகிறதா என்று பார்ப்பேன். பார்த்து முடித்ததும் தாயிடம் குழந்தையைக் கொடுத்து, அங்கேயே திரை மறைவில் பால் கொடுக்கச் சொல்வேன். குழந்தை குடித்து முடித்துக் கண் சொக்கும்போது மறுபடி ப்ரோபை வைத்து, அந்தக் குட்டிப் பை சுருங்கியிருக்கிறதா என்று அளப்பேன்.